அதில் அப்பாவைக் காணோம் என்றுதான் சொன்னேன்

நேற்று ஒரு கவிஞர் இறந்துபோன தன் அப்பாவைப் பற்றிப் போட்ட கவிதைக்குக் கீழே நான் எழுதிய கமெண்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துச் சுற்றவிட்டிருக்கிறீர்கள். சரி, இங்கேயும் சொல்கிறேன். அது மோசமான கவிதை. ஆலமரம், ஏணி, இமயம், தெய்வம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், அவருடைய அப்பாவை மட்டும் காணோம். நான் எழுதியது அவ்வளவுதான். எழுதியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்பாவை இழந்தவன் வலியில் போய் குறை கண்டுபிடிக்கிறாயே" என்கிறார்கள். வலியை யார் குறை சொன்னது?

பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது புறநானூறு 112. ஐந்தே வரி. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றையும் யாரும் கொள்ளவில்லை என்கிறார்கள். முதலில் அப்பா, பிறகு குன்று. இன்றைய நிலவில் வரிசை மாறிவிடுகிறது. குன்று போனதை முதலில் சொல்லிவிட்டு, கடைசியாக "யாம் எந்தையும் இலமே", எங்களுக்கு அப்பாவும் இல்லை என்கிறார்கள். அதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. கண்ணீர் என்று ஒரு சொல் இல்லை. பாரிக்கு ஒரு பட்டம் இல்லை. அந்தக் குன்றும் உவமை இல்லை, அவர்கள் பறிகொடுத்த பறம்பு மலை. இதைப் படித்துவிட்டு இமயத்துக்கு எப்படி "அருமை" போடுவது?

எனக்கும் அப்பா இல்லை. பாதி பீடியை அணைத்து ஜன்னல் கம்பி இடுக்கில் செருகி வைப்பார், விடிந்ததும் கை தானாக அங்கே போகும். அந்தக் கையைப் பற்றி ஒரு வரி சரியாக வரவில்லை. அதனால் இன்றுவரை எழுதவில்லை. என்னிடம் வந்து வலி தெரியுமா என்று கேட்காதீர்கள்.

"புதிதாக எழுதுகிறவரை நோகடிக்கலாமா?" மூன்று தொகுப்பு போட்டவர் எப்படிப் புதியவர்? எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது விமர்சனத்துக்குத்தான் முன்னிடம் கொடுத்தார். புதுக்கவிதை வேர்பிடித்தது அந்தப் பத்திரிகையில்தான். "பொறாமை" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. "இன்பாக்ஸில் சொல்லியிருக்கலாமே" என்றால், பாராட்டை எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்கிறவர் விமர்சனத்தை மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டும்?

நல்ல கவிதைகளைப் பற்றியும் இதே பக்கத்தில்தான் வருடக்கணக்காக எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நிற்கிறது என்று ராத்திரி உட்கார்ந்து எழுதுவேன். அப்போது உங்களில் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. திட்டுவதற்கு மட்டும் இத்தனை பேர் எங்கிருந்து வந்தீர்கள்?

மட்டமானதற்கும் "அருமை தோழர்", மகத்தானதற்கும் அதே "அருமை தோழர்" என்றால் நன்றாக எழுதுகிறவன் எங்கே போய் நிற்பான்? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் எழுதுவதையே விட்டுவிட்டார். அவர் கவிதை ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அவருக்காக இங்கே யாரும் சண்டை போடவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கமெண்ட்டை எடுத்துவிடச் சொல்லிக் காலையிலிருந்து போன் வருகிறது. எடுக்கமாட்டேன். அந்த அப்பா கவிதை எழுதியவருடைய அடுத்த தொகுப்பையும் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன். அதில் ஒரு கவிதை நன்றாக இருந்தாலும் முதல் ஆளாக நான்தான் எழுதுவேன்.