தானியத்தால் மூளையை அளந்த டீடமன்

மண்டை ஓட்டின் அடியில் தண்டுவடம் இறங்கும் பெருந்துளை வழியாக உலர்ந்த சிறுதானியத்தை விளிம்பு வரை நிரப்பி, அந்த எடையிலிருந்து வெற்று ஓட்டின் எடையைக் கழித்தால், உள்ளே மூளைக்கு இருந்த இடம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஃபிரெட்ரிக் டீடமன், ஆப்பிரிக்கரின் மூளை ஐரோப்பியரின் மூளையைவிடச் சிறியது, குரங்கின் மூளைக்கு நெருக்கமானது என்று தம் காலத்து அறிஞர்கள் பலர் நம்பிய கருத்தை இந்த எளிய முறையால்தான் சோதித்தார்.

முடிவுகளை 1836-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். பிரிட்டன் அடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இடமும் காலமும் தற்செயலாக அமைந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் மறுத்தவர்களுள் ஒருவர் சாமுவேல் தாமஸ் சோமரிங். மூளை நரம்புகளைப் பன்னிரண்டாக வகுத்த சோமரிங்கின் வரிசையைத்தான் இன்றும் மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். டீடமன் பிறந்த காஸல் நகரிலேயே ஆப்பிரிக்கர்களின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, அவர்களின் மூளை ஐரோப்பியருடையதைவிடத் தாழ்ந்தது என்று எழுதியவரும் அவரே. அத்தனை பெரிய பெயரை எதிர்க்க டீடமன் ஆவேசமாகப் பேசவில்லை. ஒவ்வொரு ஓட்டின் அளவையும் தனித்தனியே அட்டவணையில் அடுக்கினார். ஆப்பிரிக்கர், ஐரோப்பியர் என்ற இரு தரப்பு அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே கிடந்தன. ஒராங்குட்டானின் மூளையோடு ஒப்பிட்டபோதும் ஆப்பிரிக்கர் அதற்கு நெருங்கியவர் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தன் முடிவை யாரும் சரிபார்க்கலாம் என்று எண்களைத் திறந்து வைத்த அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

இதற்கு முன்பே, கருவில் மனித மூளை படிப்படியாக உருவாவதை 1816-இல் நூலாக எழுதியிருந்தார். வேதியியலாளர் லியோபோல்டு குமெலினுடன் சேர்ந்து செரிமானத்தையும் ஆராய்ந்தார். சொந்த வாழ்வின் முடிவுப் பகுதி கொடுமையானது. ஜெர்மனியின் பாடன் பகுதியில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த புரட்சியில் ராஸ்டாட் கோட்டைக்குத் தலைமை தாங்கிய அவருடைய மகன் குஸ்தாவ், 1849 ஆகஸ்டில் பிரஷ்யப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் தந்தையும் பேராசிரியர் பதவியிலிருந்து விலகினார். 1861-இல் மியூனிக்கில் காலமானார்.

ஆனால் அவர் கட்டுரையால் விவாதம் முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் முதலில் மிளகு விதையையும் பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பி அளந்து, 1839 முதல் இனங்களை ஏணிப்படியாக அடுக்கினார். அமெரிக்காவின் அடிமை முறை ஆதரவாளர்களுக்கு அந்த ஏணி வசதியாக இருந்தது. இங்குதான் டீடமனோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒருவன் அடிமையாகலாமா கூடாதா என்பதை மண்டையின் கொள்ளளவு தீர்மானிக்கும் என்று எதிராளி வகுத்த ஆட்டத்துக்குள் அவரும் இறங்கினார். ஆப்பிரிக்கரின் ஓட்டில் தானியம் சற்றுக் குறைவாகப் பிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்தக் கேள்வியை அவரும் உணர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால், கல்வியிலும் கலையிலும் சிறந்து விளங்கிய ஆப்பிரிக்கர்களையும் அவர் தம் வாதத்தில் சான்றாகக் காட்டியிருக்கிறார். எந்தத் தராசும் தேவைப்படாத அந்தச் சான்றுதான் வலுவானது. அவரைப் பாராட்டுகிறவர்கள்கூட இன்றுவரை தானியக் கணக்கைத்தான் முன்வைக்கிறார்கள்.