‘சின்னர்ஸ்’ உண்மைக் கதையா?

ரயன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ (2025) படத்தில் வரும் சம்மி உண்மையில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வகை) பாடகர் ராபர்ட் ஜான்சன்தான், நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று கிட்டார் கற்றவர், படமே உண்மைக் கதை என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

படம் 1932-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலக் கிளார்க்ஸ்டேலில் நடக்கும் கற்பனை. இரட்டையர், ரத்தக்காட்டேரிகள், பாதிரியார் மகன் சம்மி எல்லோரும் கூக்ளர் உருவாக்கியவர்கள். முதுமைச் சம்மியாக வருபவர் நிஜ ப்ளூஸ் கலைஞர் பட்டி கை. குழப்பம் அங்கேயும் தொடங்கியிருக்கலாம்.

சரி, ஜான்சன் கதைக்கு வருவோம். சாத்தானிடம் கிட்டார் கற்ற கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றியது. அதைச் சொன்னவர் அவருடைய சகோதரர் லெடெல். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்ததால் பின்னாளில் ராபர்ட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். ராபர்ட் 1936-இல் பதிவு செய்த ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள், சாத்தானே கிடையாது. நாற்சந்தியில் முழங்காலிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறான் ஒருவன். வண்டிகளை மறித்துப் பார்க்கிறான், யாரும் ஏற்றிக்கொள்வதில்லை, பொழுது சாய்கிறது. அந்தக் கால அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இருட்டிய பிறகு ஒரு கறுப்பினத்தவர் சாலையில் தனியாக நிற்பதே ஆபத்து. பயப்பட சாத்தான் தேவையில்லை.

அப்புறம், மோசமாக வாசித்த ராபர்ட்டுக்குத் திடீரென்று திறமை வந்தது எப்படி? ஆரம்பத்தில் அவர் வாசிப்பைக் கேட்கச் சகிக்காது என்று இன்னொரு ப்ளூஸ் கலைஞரான சன் ஹவுஸ் சொன்னது உண்மை. ஆனால் இடையில் ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார் கலைஞரிடம் ஜான்சன் கற்றுக்கொண்டார். இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்தார்களாம். அங்கே யாரும் சத்தம் என்று திட்டமாட்டார்கள்.