முதுமைப் புள்ளிகளும் கல்லீரலும்: ஒரு திருத்தம்

பாம்பன், தங்கச்சிமடம் பகுதி முதியவர்களின் புறங்கையில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் கல்லீரல் கெட்டதன் அடையாளம் என்றும், பேதி மருந்து குடித்தால் அவை மறைந்துவிடும் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அப்புள்ளிகளுக்கும் கல்லீரலுக்கும் தொடர்பில்லை. பல ஆண்டுகளாகத் தோலில் விழுந்த வெயிலின் புற ஊதாக் கதிர்களே முதன்மையான காரணம்.

நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள், முப்பது வயதுக்குப் பிறகு, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரை குறைகின்றன. ஆயினும் வெயில் பட்ட இடங்களில் எஞ்சியிருப்பவை சீரின்றி மிகுதியாக நிறமியைச் சுரப்பதால், ஒரே கையில் கரும்புள்ளியும் வெளிறிய புள்ளியும் அருகருகே காணப்படுகின்றன. ஐயமுள்ளவர்கள், கடற்பாசி எடுக்கச் செல்லும் நம் பெரியம்மாக்களின் புறங்கையையும், சேலைக்கு மேல் அவர்கள் அணியும் முழுக்கைச் சட்டை மறைத்த மேற்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டுக்கும் வயது ஒன்றே. கடலோரத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. மணல் ஏறத்தாழ 15 விழுக்காடும், கடல்நுரை 25 விழுக்காடும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன.

பேதி மருந்து முதியவர்களின் உடலிலிருந்து நீரையும் உப்பையும் வடித்து மயக்கம் வரை கொண்டுசெல்லக்கூடும் என்ற கவலையினாலேயே இதை எழுதுகிறேன். வடிவமோ நிறமோ மாறிக்கொண்டே வரும் புள்ளி, குருதி கசியும் புள்ளி, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகத் தோன்றும் கருமை, உணர்ச்சியற்ற வெளிர்த்திட்டு ஆகியவற்றைத்தான் காலந்தாழ்த்தாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.