‘அண்மையில் முழுமையாக வயரிங் செய்யப்பட்டது’

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும் என் பழைய மோட்டார்சைக்கிளைப் பற்றி, எர்த் வயரைச் சோதித்துப் பார்த்தீர்களா என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். பார்த்துவிட்டேன். பேட்டரியிலிருந்து சட்டகத்துக்கு, சட்டகத்திலிருந்து எஞ்சினுக்கு, அங்கிருந்து ஹெட்லைட் கிண்ணத்துக்கு என்று ஒவ்வோர் எர்த் இணைப்பையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி, மறுபடி முறுக்கிவிட்டேன். ஸ்டீயரிங் பேரிங்கின் குண்டுகளையும் கிரீஸையும் கடந்து மின்சாரம் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும் என்ற இறைநம்பிக்கையோடு முன்பு யாரோ விட்டு வைத்திருந்ததால், அந்த இடத்துக்கும் தனியாக ஒரு சிவப்பு வயர் இழுத்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு நேற்று மாலை, மெரிடனுக்கு அருகே இடப்பக்கம் திரும்பும்போது, என்னுடைய 1969ஆம் ஆண்டு டிரயம்ப் பானவில் டி120 தன் வழக்கப்படி ஓர் இருமல்கூட இல்லாமல் செத்துப்போனது.

மெரிடன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில், கவென்ட்ரிக்கும் பர்மிங்காமுக்கும் நடுவில், இந்த வண்டியைப் பெற்றெடுத்த தொழிற்சாலை 1983 வரை இயங்கிய இடம். அதை இடித்து வீடுகள் கட்டி, அங்கே ஒரு தெருவுக்கு பானவில் குளோஸ் என்றே பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவைத் தாண்டி, மழைத்தூறலில், அதே பெயர் தாங்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வழியில் நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர் நின்று, தன் தந்தையிடம் இதே வண்டி இருந்ததாகச் சொன்னார். இந்த நாட்டில் எல்லாருடைய தந்தையிடமும் இதே வண்டிதான் இருந்திருக்கிறது. எவருடைய தந்தையிடமும் ஒரு துண்டு வயரோ ஸ்பேனரோ மகன் கையில் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் மட்டும் இருந்ததில்லை. அடுத்து அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எழுதவே வேண்டாம். இந்த வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்துகொடுத்த லூகாஸ் நிறுவனம், விளக்கை அணைத்துவிட்டுப் போகும் ‘இருளின் இளவரசன்’. சொல்லிவிட்டு, அந்த நகைச்சுவையை அன்றுதான் உலகுக்கு அறிமுகப்படுத்தியவராகச் சிரித்தார். நாயும் நின்று பார்த்தது. நான் தள்ளினேன்.

லூகாஸ் மீது எனக்குக் கோபமே கிடையாது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அம்பத்தூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு லூகாஸ் என்பது முதலில் ஒரு பேருந்து நிறுத்தம். 1960களின் தொடக்கத்தில் பாடியில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து அவர்கள் ஆரம்பித்த தொழிற்சாலையின் பெயர் அந்த இடத்துக்கே நிலைத்துவிட்டது. பர்மிங்காமில் இருந்துகொண்டு அவர்கள் இந்த வண்டிகளுக்கு வகுத்த வயர் நிறங்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிவப்பு என்றால் எர்த். வெள்ளை என்றால் சாவியைத் திருப்பியதும் இக்னிஷனுக்குப் போகிற மின்சாரம். நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தேடலாம். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கி உடம்பையே உலுக்கியெடுக்கும் 649 சிசி எஞ்சினுக்கு மேலே, அரை நூற்றாண்டாகத் தாக்குப்பிடித்த வயரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கோபமெல்லாம் அந்த அரை நூற்றாண்டில் இந்த வயரைத் தொட்ட கைகளின் மீதுதான்.

முதல் கை, சிவப்பு என்றால் பாசிட்டிவ் என்று பள்ளியில் படித்த கை. இது பேட்டரியின் பாசிட்டிவ் முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் வண்டி என்பதை அறியாமல் பேட்டரியைத் தலைகீழாக மாட்ட, மிகை மின்னூட்டத்திலிருந்து பேட்டரியைக் காக்கும் ஜீனர் டையோடு கருகியிருக்கிறது. போனால் போகட்டும், புதிதாக ஒன்று போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, அதற்குப் போகும் வயரையே கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவிட்டார். ஹெட்லைட்டுக்குக் கீழே அந்த டையோடைத் தாங்கும் அலுமினிய வெப்பம் வாங்கி பாலிஷ் போட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. வேலை மட்டும் எதுவும் இல்லை. மிகையான மின்னூட்டத்தைத் தடுக்க ஆளில்லாமல் பேட்டரி கொதித்து, அமிலம் வழிந்து, கீழேயிருந்த பெட்டியை அரித்துத் தின்றிருக்கிறது.

இரண்டாவது கை, ஃபியூஸ் மீது 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் படித்த கை. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்பது அது உருகிப் போகும் அளவு; இடைவிடாமல் தாங்குவது அதில் பாதிதான். நம்மாள் கடைக்குப் போய் இன்றைய கார்களுக்கான 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸை வாங்கி மாட்டிவிட்டார். அது 35 ஆம்பியரையும் அலுங்காமல் கடத்தும். ஏதாவது ஷார்ட் ஆனால் ஃபியூஸ் பத்திரமாக இருக்கும், வயர்கள் எரிந்து அதைக் காப்பாற்றும்.

மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையரின் நடு போல்ட்டை இரண்டு ஸ்பேனர் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தகடுகள் திரும்பி உள்ளிணைப்பு அறுந்துவிடும் என்பதைச் சொல்லாத பட்டறைக் கையேடு கிடையாது. இந்த வண்டியில் அந்தத் தகடுகள் நான்கு திசைகளைப் பார்த்து நிற்கின்றன. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

நேற்றிரவுக் கதைக்கு வருகிறேன். சாலையில் பிணமாகக் கிடந்த வண்டி, கொட்டகைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும், விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது, கிக்கரை ஓர் உதை விட்டவுடன் எஞ்சினும் ஓடியது. ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பினேன், ஓடியது. இடப்பக்கம் திருப்பினேன், ஓடியது. இடக்கோடி வரை தள்ளிப் பிடித்தேன், நின்றது. ஆகா, பிடித்துவிட்டோம் என்று நேராக்கி, உதைத்து, மறுபடி இடக்கோடிக்குத் தள்ளினால், இப்போது சுகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் மேலே அழுத்தித் தள்ளினேன், ஓடியது. கொஞ்சம் கீழே அழுத்தினேன், ஓடியது. கையை எடுத்தேன், நின்றது. எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, அதை முறைத்துப் பார்த்தபடி குடித்துவிட்டு, மறுபடி ஆரம்பித்து, ஒருவழியாக அது நின்ற நிலையில் ஹேண்டில்பாரைக் கயிற்றால் சட்டகத்தோடு சேர்த்துக் கட்டினேன். இனி எங்கே ஓடுவாய் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். சாவி சுவிட்சுக்கு வந்து சேரும் வயரில் 12.6. சுவிட்சிலிருந்து வெளியேறும் வெள்ளை வயரில் 12.6. டேங்கைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலில் வந்து முடியும் அதே வெள்ளை வயரைப் பிடுங்கி அதன் நுனியில் வைத்தால் அங்கும் 12.6. ஒரு குறையும் இல்லை, எஞ்சின் மட்டும் ஓடாது. மல்டிமீட்டரை நம்பி இரவைத் தொலைத்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவீர்கள். அதன் உள்தடை 1 கோடி ஓம். அது தன் கணக்குக்கு மின்சாரமே எடுப்பதில்லை. இழையும் இழையும் தொட்டும் தொடாமலும் நின்றால்கூட அது திருப்தியடைந்து முழு வோல்ட்டையும் காட்டிவிடும். ஆனால் காயில் ஒவ்வொன்றும் 3 ஆம்பியருக்கு மேல் கேட்கிற ஜாதி. ஆகவே மீட்டரை அப்பால் வைத்துவிட்டு, பழைய 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்து, ஒன்றை வெள்ளை வயரின் நுனியிலும் மற்றதை எர்த்திலும் வைத்தேன். எரியவில்லை. பல்பு மாட்டியிருக்கும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தால், இவ்வளவு நேரம் 12.6 என்று சத்தியம் செய்த அதே நுனியில் 1 வோல்ட்கூட இல்லை. சுவிட்சில் மட்டும் 12 இருக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில், ஸ்டீயரிங் தலைக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்பு டேப் சுற்றிய புடைப்புக்குள்தான் விஷயம்.

அந்த டேப்பைப் பிரித்ததை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். பழைய பசை உருகி, பலாப்பழப் பாலாக விரலில் ஒட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. அந்த டேப்பின் கீழே இன்னொரு டேப். அதன் கீழே துணி டேப். அதற்கும் கீழே, வெள்ளை வயரை அறுத்துவிட்டு, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வேறொரு வயரைக் கொடுத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஈயப்பற்று கிடையாது, புல்லட் கனெக்டர் கிடையாது. செம்பு இழைகளை விரலால் முறுக்கியதோடு சரி. முறுக்கிய இடம் முழுவதும் பச்சைக் களிம்பு. அந்த ஒரு சாண் வயரின் நிறம் பச்சையும் மஞ்சளும்.

ஏதோ ஒரு மேசை விளக்கையோ இஸ்திரிப் பெட்டியையோ அனாதையாக்கி அறுத்தெடுத்த வீட்டு வயர் அது. இந்த நாட்டு வீடுகளில் பச்சை-மஞ்சள் எர்த். லூகாஸ் கணக்கில் பச்சை-மஞ்சள், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. இந்த மகானின் கணக்கில் அது இக்னிஷன். அதோடு நிறுத்தியிருந்தாலும் மன்னித்திருப்பேன். அதே வீட்டு வயரில் மிச்சமிருந்த பழுப்பையும் நீலத்தையும் வீணாக்க மனம் வராமல், பழுப்பைப் பிரேக் விளக்குக்கும் நீலத்தை ஹாரனுக்கும் இழுத்திருக்கிறார். சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம். இந்தக் கோலத்தை விற்றவர்தான் விளம்பரத்தில், ‘அண்மையில் முழுமையாக வயரிங் செய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே நான் பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தேன்.

சரி, ஒட்டுப்போட்டு மாளாது என்று ஏற்கெனவே வாங்க உத்தரவு கொடுத்திருந்த புது வயரிங் ஹார்னஸ், அதாவது வண்டிக்கு வேண்டிய வயர்கள் மொத்தமும் சேர்ந்த கட்டு, இன்று காலை வந்து சேர்ந்தது. நிறம் நிறமாக, துணியுறை போட்டு, பார்க்கக் கண்ணுக்கு அழகு. கூடவே வைத்திருந்த வரைபடம் ஒளிநகலின் ஒளிநகல். வண்ணமும் கிடையாது, பழுப்புக்கு என், நீலத்துக்கு யு என்று எறும்பு அளவு எழுத்துகள். அந்தத் தாளை மடித்த கோடு நேராகச் சாவி சுவிட்சின் மேல் விழுந்து, அதிலிருந்து கிளம்பும் வயர்களின் எழுத்துகளை மட்டும் பொறுக்கியெடுத்து அழித்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு, வரைபடமே வேண்டாம், நிறம் தெரிந்தால் போதும் என்று ஹார்னஸைச் சட்டகத்தின் மேல் கிடத்தி அளந்தால், பின்விளக்குக்குப் போகும் வயர் ஒரு சாண் குறைகிறது.

கடைக்கு எழுதினேன். கடைக்காரர் பாவம், மிகுந்த மரியாதையோடு உடனே பதில் போட்டார்: இதுவரை வேறு யாரும் புகார் சொன்னதில்லை, மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் நடுவில் ஒரு துண்டு வயரைச் சேர்த்து, மேலே டேப் சுற்றிச் சமாளித்துக்கொள்கிறார்களாம்.