திடம் வேறு, துவர்ப்பு வேறு

நல்ல திடமான தேநீர் வேண்டும் என்று ஆசையோடு கோப்பையைக் கையில் எடுத்து, முதல் மிடறிலேயே நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பை விழுங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தத் துவர்ப்பைத்தான் திடம் என்று நானும் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது என் கட்சி வேறு: தேநீர் திடமாக இருக்க வேண்டுமென்றால் இலையைக் கூட்ட வேண்டுமே தவிர, இலை வெந்நீரில் கிடக்கும் நேரத்தைக் கூட்டக் கூடாது.

வெந்நீர் பட்டதும் மணம் தரும் பொருள்களும் காஃபீனும் விரைவாக இறங்கிவிடுகின்றன. துவர்ப்புக்குக் காரணமான, பேச்சுவழக்கில் டானின் என்று நாம் சொல்லும் பாலிஃபீனால்கள் அதற்குப் பிறகும் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே பத்து நிமிடம் அடுப்பில் கொதித்த தேநீரில் மணத்தின் பெரும்பகுதி ஆவியோடு போயிருக்கும், துவர்ப்பு தங்கியிருக்கும். அதை மறைக்க மேலும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுவிட்டு, தேயிலை சரியில்லை என்று இலையைக் குறை சொல்கிறோம்.

நான் 200 மில்லிலிட்டர் நீருக்கு 4 கிராம் கறுப்புத் தேயிலை போட்டு, நான்கு நிமிடத்தில் வடித்துவிடுகிறேன். இந்த அளவு என் கண்டுபிடிப்பு அன்று. தேயிலைகளை ஒரே முறையில் ஊறவைத்துச் சுவைத்து ஒப்பிடுவதற்காக 1980-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் பன்னாட்டுத் தரநிலையும் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம் என்றுதான் சொல்கிறது. ஊறும் நேரத்தை மட்டும் அது 6 நிமிடம் என்று வைத்திருக்கிறது. சுவைத்துத் தரம் பிரிக்கிறவர்களுக்கு அது பொருந்தலாம், ஆற அமர உட்கார்ந்து குடிக்கிற எனக்கு இரண்டு நிமிடம் அதிகம்.

தேயிலையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. பால் விட்டுக் குடிப்பதானால் சி.டி.சி. தூள் போதும். 1930-களில் அசாமில் உருவான அந்த முறையில் பல் வைத்த உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடுவதால், சாயம் சட்டென்று இறங்கும், பாலுக்கும் ஈடுகொடுக்கும். பால் இல்லாமல் குடிக்கும் நாளில் மெல்ல முறுக்கி உலர்த்திய ஆர்தடாக்ஸ் இலையே வேண்டும். அதிலும் டார்ஜிலிங்கில் மே, ஜூன் மாதங்களில் கிடைக்கும் இரண்டாம் பறிப்பின் பழ மணத்துக்கு நான் அடிமை. உறையில் ‘ஆரஞ்சு பெக்கோ’ என்று பார்த்து ஆரஞ்சுச் சுவையை எதிர்பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அது இலைத் தரத்தின் பெயர், பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வாங்குவதில் காட்டும் அக்கறையைப் பலரும் வைத்திருப்பதில் காட்டுவதில்லை. உலர்ந்த தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். குளியல் சோப்பு இருந்த அலமாரியில் மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவை வைத்துவிட்டு, ஒரு மாதம் முழுக்கச் சோப்பு மணக்கும் தேநீரைக் குடித்துத் தீர்த்த அனுபவம் எனக்கு உண்டு. காற்றும் வெளிச்சமும் ஈரமும் புகாத டப்பா என்பது ஆடம்பரம் இல்லை.

நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கறுப்புத் தேயிலைக்குத் தளதளவென்று கொதிக்கும் நீர். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ். கொதிநீரைப் பச்சைத் தேயிலையின் தலையில் ஊற்றிவிட்டு, கசக்கிறது என்று அதை ஒதுக்கிவைத்தவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். தேநீரின் மேல் ஆடைபோல ஒரு மெல்லிய படலம் மிதந்தால், பெரும்பாலும் அது கடின நீரின் வேலை. வடிகட்டிய நீருக்கு மாறினால் குறைந்துவிடும்.

கடைசியாகப் பால். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் டானினோடு பிணைந்துகொள்வதால் துவர்ப்பு தணியும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு நிமிடத்தில் வடித்த தேநீரில் தணிக்க வேண்டிய துவர்ப்பு அவ்வளவு இருப்பதில்லை என்பதால், எனக்கு இரண்டு கரண்டிப் பாலே தாராளம். பாலை முதலில் ஊற்றுவதா பிறகு ஊற்றுவதா என்ற பழைய வழக்கில் நான் இரண்டாம் தரப்பு. நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்து, போதும் என்கிற இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள முடிகிறது.