‘ஆஃப்’ என்றால் எப்போதும் நிறுத்தமா?

“ஆஃப் என்றால் நிற்பது, அப் என்றால் மேலே போவது; இப்படிப் பத்துச் சொற்களைப் படித்தால் ஆங்கிலத்தின் எல்லா ஃபிரேசல் வெர்புகளும் தாமே விளங்கிவிடும்” என்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்போரிடையே வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி தவறானது. வினைச்சொல்லோடு ஆஃப், அப் போன்ற சிறு சொல் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடரே ஃபிரேசல் வெர்பு.

ஓசூர் ஆலை ஒன்றின் சுவரில் ‘இஃப் த அலாரம் கோஸ் ஆஃப், லீவ் த பில்டிங்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் செய்தியை நம்பிய தொழிலாளி, அலாரம் ஓய்ந்த பிறகுதான் வெளியேற வேண்டும் என்று புரிந்துகொள்வார். அலாரம் ஒலித்தால் வெளியேறு என்பதே அதன் பொருள். அதே ‘கோ ஆஃப்’ விளக்கோடு வந்தால் அணைவதையும், வெடிகுண்டோடு வந்தால் வெடிப்பதையும், பிரிட்டிஷ் வழக்கில் பாலோடு வந்தால் கெட்டுப்போவதையும் குறிக்கும்.

அரை உண்மை இல்லாமலில்லை. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் ‘அப்’ ஒன்றை முழுவதுமாகத் தீர்ப்பதைக் காட்டுகிறது. அதுவும் மேலே போவதன்று. ‘கிவ் அப்’ என்பதோ விட்டுவிடுதல். நம் ‘கைவிடு’ என்னும் சொல்லைக் கை, விடு என்று பிரித்துப் பொருள் தேடுபவர் எங்கே போய் நிற்பார்?

சொல் வரிசையைச் செய்தி தொடவேயில்லை. மோட்டாரை நிறுத்து என்பதற்கு ‘டர்ன் ஆஃப் த மோட்டார்’, ‘டர்ன் த மோட்டார் ஆஃப்’ இரண்டும் சரியே. ஆனால் மோட்டாருக்குப் பதிலாக ‘இட்’ வந்தால் ‘டர்ன் இட் ஆஃப்’ மட்டுமே சரி. கவனித்துக்கொள்வதைக் குறிக்கும் ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே வரும்.