ஜீவாவுக்கு ஐந்தொகை எடுத்தால்

சிராவயல் என்றதும் இன்றைக்குப் பாதிப் பேருக்கு மஞ்சுவிரட்டுதான் ஞாபகம் வரும். 1927 செப்டம்பரில் கதர் நிதி திரட்ட செட்டிநாட்டுக்கு வந்த காந்தி, அந்த ஊரில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரைப் பார்த்துவிட்டுப் போனார். பூதப்பாண்டிக்காரர், அப்போதுதான் இருபது முடிந்தவர், பெயர் ஜீவானந்தம். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா. "உங்களுக்குச் சொத்து எவ்வளவு?" "இந்தியாதான் என் சொத்து." "இல்லை, நீங்கள்தான் இந்தியாவின் சொத்து." இந்த உரையாடல் காரைக்குடிப் பக்கம் மேடை ஏறுகிற எல்லோருக்கும் மனப்பாடம்.

ஜீவாவின் பிறந்த நாள், நினைவு நாள் வந்தால் முகநூலில் இரண்டு கோஷ்டி. கடைசி வரை குடிசையில் வாழ்ந்த மனிதர், கொள்கை மாறாதவர் என்பது ஒன்று. காந்தி ஆசிரமம், சுயமரியாதை, காங்கிரஸ் சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று நாலு இடம் பார்த்தவர் எப்படி மாறாதவர், அதோடு நாத்திகர் கம்பனைப் புகழ்ந்தது எதற்கு என்பது இன்னொன்று. என் பார்வையில் இரண்டு பேருமே கணக்கைத் தப்பாக எழுதுகிறார்கள்.

கணக்கு எழுதுவதை நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றாடம் சிட்டை, ஆளுக்கொரு பக்கமாகப் பேரேடு, கடைசியில் எல்லா வரவையும் பற்றையும் நேர் பார்க்கிற ஐந்தொகை. கொடுத்தது வரவு, வாங்கியது பற்று. ஆள் நல்லவரா கெட்டவரா என்று பேரேட்டில் எழுத இடமே கிடையாது. அரசியல்வாதிக்கும் அப்படித்தான் எழுத வேண்டும். என்ன வாக்குக் கொடுத்தார், அதைக் காப்பாற்ற எந்த இடத்தில் கையை விட்டு இழந்தார், எந்த இடத்தில் வளைந்தார். தேதியோடு.

முதலில் கட்சி மாறிய சங்கதி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. ஒரே பந்தி இல்லாத இடம் வேண்டாம் என்று அங்கிருந்து வெளியேறித்தான் ஜீவா சிராவயலுக்கு வந்தார். சிராவயலில் இருந்துகொண்டே வர்ணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை மறுத்து அவருக்கே கடிதம் எழுதினார். தான் கதர் உடுத்தி நடத்துகிற ஆசிரமம் யார் பெயரைச் சொல்லி நடக்கிறதோ அவரிடமே இந்த வழக்கு. பிறகு சுயமரியாதை இயக்கம், அங்கே சமதர்மத் திட்டம் பின்னுக்குப் போனதும் காங்கிரஸ் சோஷலிஸ்ட், 1937இல் ஜனசக்தி பத்திரிகை, அப்புறம் கம்யூனிஸ்ட் கட்சி. ஒவ்வொரு இடத்திலும் அவர் விட்டது பலகையைத்தான். பந்தியில் எல்லோரும் ஒன்று, உழைக்கிறவனுக்குப் பங்கு என்ற இரண்டையும் எந்த வாசலிலும் இறக்கி வைக்கவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் அதிகாரத்தை விட்டு விலகிய இடம். கட்சி மாறியவரின் கணக்கில் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மாறியபோது கைக்கு வந்தது என்ன? ஜீவாவுக்கு வந்தது பெரும்பாலும் சிறை.

இனி பற்றுப் பக்கம். ஜீவா பக்தர்கள் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையை ஜீவா தமிழாக்கினார், சுயமரியாதை இயக்கம் வெளியிட்டது. மொழிபெயர்த்தவரும் வெளியிட்டவரும் கைதானார்கள். 1934இல்தான் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது, இயக்கத்தையே முடக்கிவிடுவார்கள் என்ற பயம் தலைமைக்கு இருந்தது. வழக்கு மன்னிப்பில் முடிந்தது. முடிவு தலைமையுடையது, அது ஜீவாவுக்கு உறுத்தியது, விலகலுக்கு அதுவும் ஒரு காரணம். எல்லாம் சரி. ஆனாலும் பற்று பற்றுதான், அவர் பேரில்தான் ஏறும்.

இரண்டாவது 1942. 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்ததும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அது மக்கள் யுத்தம் ஆனது, அதாவது பிரிட்டன் பக்கம் நின்று ஆதரிக்க வேண்டிய போர். 1942 ஜூலையில் கட்சி மீதான தடை நீங்கியது, ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வந்தபோது கட்சி எதிர்ப்பக்கம் நின்றது. அந்த ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றக் கட்டடம் எரிந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டு அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. பாசிசம் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வாதத்தில் பலம் இருக்கிறது, அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் கட்சி முடிவுக்குக் கட்டுப்பட்டவர் கட்சியின் தவறிலும் பங்குதாரர்.

கம்பன் விஷயம் பற்றில் வராது. கைமாற்றே வாங்காதவன் பேரில் கடன் எழுதுகிற வேலை அது. கம்பனைப் புகழ மாட்டேன் என்று ஜீவா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடியில் இருந்துகொண்டு, கவிதையை ரசித்தவனெல்லாம் பக்தன் என்று சொல்வது நமக்கே அழகில்லை.

அப்புறம் குடிசை. தாம்பரத்தில் ஜீவாவின் குடிசைக்குக் காமராஜர் போனார், வீடு தரச் சொன்னதை ஜீவா மறுத்தார் என்ற கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் குடிசை முக்கியமே இல்லை. எளிமை ஒருவருடைய சுபாவம், அது கொள்கைக்குச் சாட்சி ஆகாது. நாலு முழ வேட்டியும் ரப்பர் செருப்புமாக வந்து ஊரையே சுருட்டியவர்களும் உண்டு. 1954இலிருந்து முதலமைச்சராக இருந்தவர் நெருங்கிய நண்பர். அப்படியிருந்தும் அவரிடம் ஒன்றும் வாங்கவில்லை, வாங்காததால் எதிர்வரிசையில் நின்று பேச வாய் இருந்தது. வரவில் எழுத வேண்டியது இந்த வாயைத்தான்.

என் ஐந்தொகையில் வரவு கனம். பற்று இரண்டும் அப்படியே நிற்கின்றன.

இதே முறையில் இன்றைக்கு முற்போக்கு பேசுகிறவருக்கும் எழுதலாம், ஜீவாவைவிட இவர்களுக்குக் காகிதம் அதிகம். முதலில் வேட்புமனுவோடு வைக்கிற பிரமாணப் பத்திரம், படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே கிடைக்கும். ஒருவர் இரண்டு தேர்தலில் நின்றிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, மொத்தத் தொகையைப் பார்த்து "அஞ்சு வருஷத்தில் மூணு மடங்கு" என்று பதிவு போடுவது. தங்கம் ஏறினால் நகை மதிப்பு தானாக ஏறும். ரூபாயை விட்டு கிராமைப் பாருங்கள். நிலத்துக்கு மதிப்பை விட்டு சர்வே எண்ணையும் பரப்பையும் பாருங்கள், புதிதாக வந்த எண் எது என்று தெரியும். ஐந்தாண்டு வருமானக் கலத்தில் காட்டிய தொகைக்கு அந்த நிலம் வாங்க முடியுமா? கடன் யாரிடம் வாங்கியது? மனைவி பேரில் என்ன, கூட்டுக்குடும்பக் கலத்தில் என்ன? அறக்கட்டளை பேரில் இருக்கிற கல்லூரிக் கட்டடம் பெரும்பாலும் இந்தச் சொத்துப் பட்டியலில் வராது, அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

அடுத்து ஓட்டு. "அந்த மசோதாவுக்கு ஆதரவாகக் கை தூக்கினார்" என்று ஆளைத் திட்டுவதில் அர்த்தம் குறைவு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும், யார் எப்படிச் சொன்னார் என்று பெயர்ப் பதிவே இருக்காது. பதிவு இருந்தாலும் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். 1952இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து சட்டமன்றம் போன ஜீவாவுக்கு அந்தக் கத்தி தலைக்கு மேல் இல்லை. அதனால் இன்றைக்கு ஓட்டைவிடப் பேச்சையும் கேள்வியையும் பாருங்கள். அவைக் குறிப்பில் அவர் பெயரில் எத்தனை கேள்வி, எதைப் பற்றி, தன் கட்சி ஆட்சியில் இருந்தபோது எத்தனை, எதிர்க்கட்சியில் இருந்தபோது எத்தனை. பெரும்பாலானவர்கள் மாட்டுவது கடைசி இரண்டு எண்ணிக்கையில்.

தொகுதி நிதி இன்னும் சுலபம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. தகவல் உரிமை மனு போட 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் எங்கள் தெருவுக்குச் செய்யவில்லை?" என்று கேட்டால் மனு அங்கேயே செத்துவிடும், ஏனென்றால் அந்தச் சட்டம் தருவது ஆவணம், விளக்கம் அல்ல. இப்படிக் கேளுங்கள்: பரிந்துரைத்த தேதி, நிர்வாக அனுமதி தேதி, மதிப்பீட்டுத் தொகை, பணி முடிந்த சான்றின் நகல், பணி நடந்த இடம். பட்டியல் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். காலனிக்கு என்று எழுதிய சமுதாயக் கூடம் காலனியில் இருக்கிறதா, மெயின் ரோட்டில் இருக்கிறதா என்பது காகிதத்தில் தெரியாது.

ஆனால் இந்தப் பக்கத்து அரசியல்வாதிக்கு என்னிடம் கேட்டால் ஒரே ஒரு பக்கம் போதும். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்ற நாலு நாட்டுக்கும், அதாவது நாலு ஊர்த் தொகுதிகளுக்கும், தேரில் தருகிற மரியாதை ஒரு பக்கம், தேர் வடம் தொட எங்களுக்கும் உரிமை உண்டு என்ற தலித் மக்களின் கோரிக்கை மறு பக்கம். 1998இல் வெடித்த தகராறு நீதிமன்றம் வரை போய், தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு மறுபடி ஓடியது. இரண்டு பக்கமும் ஓட்டு இருக்கிற ஊர், எந்தப் பக்கம் பேசினாலும் நஷ்டம். சென்னையில் கருத்தரங்கம் போட்டு சமத்துவம் பேச யாருக்கும் செலவில்லை.

உங்கள் ஆள் அந்த ஆண்டுகளில் தேவகோட்டை மேடையில் நின்று கண்டதேவி என்ற பெயரைச் சொன்னாரா? சொல்லியிருந்தால் தேதியும் மேடையும் போட்டு எழுதுங்கள், வரவில் ஏற்றிக்கொள்கிறேன்.